கோடியக்கரைச் சதுப்புக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போவது பற்றித் தேடினால் எவ்வளவோ கிடைக்கிறது. எந்த மாதம் போகலாம், எங்கே தங்கலாம், என்னென்ன பறவை வரும், எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம் என்று விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள். காலுக்குக் கீழே இருக்கிற தரையைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்த ஒரு வரியை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், போன ஜனவரியில் நடு வெயிலில் தொடை வரை உளையில் புதைந்து, கூப்பிட்டால் கேட்க ஆளில்லாமல் நின்றிருக்க மாட்டேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தனியாகப் போகிற பழக்கமுள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. பறவை பார்க்கப் பழகியது முழுக்க ஏரிகளில்தான். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கொஞ்சம் தள்ளி கரைவெட்டி. ஏரி என்றால் ஒரு கரை இருக்கும். கரைமேல் நடக்கலாம், புளியமர நிழலில் நிற்கலாம், காலையில் தண்ணீர் எங்கே இருந்ததோ சாயங்காலமும் அங்கேதான் இருக்கும். கோடியக்கரையின் அமைப்பே வேறு. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சேருகிற முனை அது. வடக்கிலிருந்து நேராக வருகிற கடற்கரை அங்கே மடங்கி மேற்கே போகிறது. மடங்கிய கரைக்கு உள்பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளுகிற, ஆழமே இல்லாத பெரிய சதுப்பு. காவிரிக் கடைமடையின் வடிகால் தண்ணீர் ஒரு பக்கமாக வருகிறது, கடல் ஓதம் இன்னொரு பக்கமாக ஏறுகிறது, இரண்டுக்கும் நடுவில் உப்பளங்கள். 1967-ல் சரணாலயம் ஆனது காட்டுப் பகுதி. 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது காடு, சதுப்பு, அலையாத்தி எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர் ஆகிவிட்டது. சரணாலயம் என்றால் ஒரு கேட், ஒரு டிக்கெட் கவுண்டர், ஒரு கண்காணிப்புக் கோபுரம் என்றுதான் நாம் நினைத்துப் போகிறோம். பூநாரைக் கூட்டம் பெரும்பாலும் நிற்பது வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லாத இந்த வெட்டவெளியில்.

கூட வருவதாக இருந்த தோழிக்கு வீட்டில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. ஜனவரியை விட மனசில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் சதுப்பு நிரம்பிக் கிடக்கும்போது பறவைகள் பரந்து பிரிந்து இருக்கும். மழை விட்டுத் தண்ணீர் வடியத் தொடங்கும் தை மாதத்தில்தான் ஆழம் குறைந்த இடங்களில் கூட்டமாகச் சேரும். அதனால் தனியாகவே கிளம்பினேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது, ஆனால் விடிகாலையில் சதுப்பில் நிற்க வேண்டுமென்றால் அந்த ரயிலை நம்ப முடியாது. வேதாரண்யத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, அங்கேயே ஒரு வாடகைக் கார் பேசினேன். வனத்துறை அலுவலகத்தில் கேட்டு உள்ளூர் வழிகாட்டி யாரையாவது அழைத்துக்கொள்ளலாமா என்று டிரைவரிடம் கேட்டேன். "கைடெல்லாம் எதுக்குக்கா, எனக்குத் தெரியாத இடமா? பூநாரை நிக்கிற எடத்துலயே கொண்டுபோய் விடுறேன்" என்றார். 2,500 ரூபாய். டீசல் போட வேண்டும் என்று முழுப் பணத்தையும் முதல் நாள் இரவே வாங்கிக்கொண்டார்.

சொன்னபடியே கொண்டுபோய் விட்டார், அதில் பொய் இல்லை. சரணாலய வாசலுக்கு முன்பே, உப்பளங்களை ஒட்டி மேற்கே போகிற மண்தடத்தில் வண்டி போகும் வரை போய் இறக்கிவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு வருகிறேன் என்று கிளம்பினார். விடிந்தும் விடியாத நேரம். வாடைக்காற்று காதை அடைக்கிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது. வெளிச்சம் வர வர எதிரே மேற்கில் ஒரு நீளமான வெளிர் ரோஜாக் கோடு தெரிந்தது, தண்ணீருக்கு மேலே. பைனாகுலரை வைத்ததும் அந்தக் கோடு முழுக்கக் கழுத்துகள். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுச் சலித்துக்கொண்டு, காலை மிதித்து மிதித்து நகர்ந்துகொண்டிருந்தன. வாத்து கனைப்பது போன்ற அவற்றின் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது. வரப்புக்குப் பக்கத்திலேயே கொசு உள்ளான்கள், ஒவ்வொன்றும் நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வடதுருவத்துப் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து நிற்கிற உயிர், முப்பது கிராம்கூட இருக்காது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷ ஆசை.

பூநாரைகள் தூரம். முன்னால் பரந்து கிடந்த தரையோ காய்ந்து வெளுத்து, வெயிலில் வடாம் காய்ந்தது போல ஓரங்கள் மேலே சுருண்டு வெடித்திருந்தது. அதில் வெறுங்கால் தடங்கள் இருந்தன, ஒரு சைக்கிள் டயர் தடம்கூட இருந்தது. சைக்கிள் போகிற தரையில் மனுஷி நடக்க முடியாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தேன். முதலில் கட்டாந்தரை. பிறகு கொஞ்சம் மெத்தென்று இருந்தது. வழியில் வட்ட வட்டமாகக் குழிகள், நடுவில் சின்ன மேடு, சுற்றிலும் பள்ளம், ஒவ்வொன்றும் ஒரு தாம்பாளம் அகலம். பூநாரை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்துச் சேற்றைக் கிளறி இரை எடுத்த தடம் அது. படத்தில் பார்த்திருந்ததை நேரில் பார்த்த சந்தோஷத்தில் குனிந்து போட்டோ எடுத்தேன். அவை கிளறிய இடம் என்றால் அடியில் கஞ்சியாகத்தான் இருக்கும் என்பதை அந்த வட்டம்தான் சொல்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்களாம். எனக்கு அது அன்று தெரியாது.

அடுத்த எட்டு வைத்ததும் வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. சமாளிக்க இடது காலை ஊன்றினேன், அது அதைவிட ஆழமாகப் போனது. மேலே இரண்டு விரற்கடை பக்கு, அதற்குக் கீழே கன்னங்கரேலென்று வழவழப்பான உளை. ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் கூட ஒரு சாண் இறங்குகிறது. காலைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, இழுக்க இழுக்க அடியிலிருந்து யாரோ உறிஞ்சுவது மாதிரி. அழுகிய முட்டை நாற்றம். கேமரா கழுத்தில் தொங்கியது, குனிந்தபோது லென்ஸ் பாதி சேற்றில் அமிழ்ந்து வந்தது. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குக் காற்று. டிரைவருக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அண்ணனுக்குப் போட்டேன், ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது, லைன் எடுக்கவே இல்லை.

அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் பாட்டில் காரிலேயே போய்விட்டது. ஒரு கட்டத்தில் காற்று சட்டென்று அடங்கியது. அப்பாடா, இனிக் கத்தினால் கேட்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிரே தரை பளபளத்தது. பார்த்தால் தண்ணீர். அலை இல்லை, சத்தம் இல்லை, ஒரு விரல் உயரம்கூட இல்லை, மெல்லப் படர்ந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னாலேயே உள்ளான் கூட்டம் ஓடி ஓடி வந்து என்னைச் சுற்றி இரை பொறுக்க ஆரம்பித்தது. எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. இதற்குள் நான் இறங்கி இறங்கி இடுப்பு வரை போனால், தண்ணீரும் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அம்மா முகம் வந்து போனது. அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

என்னைப் பார்த்தது உப்பளத்தில் பாத்தி சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர். மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் உப்பளங்களில் வரப்பு கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை நடக்கும். அந்த ஆட்கள் இருந்ததால் பிழைத்தேன். அவர் ஓடி வரவில்லை, அதைக் கவனித்தேன். நான் வந்த நேர்வழியிலும் வரவில்லை. வளைந்து, உமரிச் செடி முளைத்திருந்த இடமாகவே பார்த்து வந்து, பத்தடி தள்ளி நின்றுகொண்டார். "ஏம்மா, அசையாத! கால இழுக்காத. அப்புடியே மல்லாக்க சாஞ்சுக்க" என்றார். "சாஞ்சா முழுகிடுவேனே ஐயா" என்றேன். "நிக்கிறதுனாலதான் முழுகுற. படுத்தா முழுக மாட்ட" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்பக்கமாகச் சாய்ந்து முதுகைத் தரையில் கொடுக்கும்போது உடம்பின் பாரம் பரந்துவிடுகிறது, இறங்குவது நின்றுவிடுகிறது. பிறகு காலை மேலே இழுக்கக் கூடாது. முட்டியை இப்படியும் அப்படியுமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்ட ஆட்ட காலைச் சுற்றி இடைவெளி விழுந்து தண்ணீர் இறங்கும், அந்தப் பிடி தளரும். ஒரு காலை முழுசாக எடுத்த பிறகுதான் அடுத்த கால். ஷூ சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட வேண்டும், அதோடு சேர்த்து எடுக்கப் பார்த்தால் முடியாது. கால் வெளியே வந்ததும் எழுந்து நிற்காமல் குப்புறப் புரண்டு, கையையும் காலையும் அகல விரித்து வந்த வழியே தவழ வேண்டும். அவர் உப்பு வாருகிற நீளக் கம்புப் பலகையை என் பக்கம் நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து உமரிச் செடி வரை வந்தேன். கையில் அந்தச் செடியின் சதைப்பற்றான தண்டு தட்டியதும் தரை கல் போல இருந்தது.

அவருடைய ஓலைக் கொட்டகையில் குடத்துத் தண்ணீர் கொடுத்தார். பயம் தெளியட்டும் என்றோ என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். நான் புத்தகத்திலும் இணையத்திலும் படித்த எதிலும் இல்லாத விஷயங்கள் அவை. இந்தச் சதுப்பில் தண்ணீரை நகர்த்துவதில் ஓதத்துக்குச் சமமாகக் காற்றுக்கும் பங்கு உண்டு. பாக் நீரிணைப் பக்கம் ஏற்ற வற்றம் பெரிய உயரம் கிடையாது. ஆனால் சதுப்பு சாண் ஆழம், முழ ஆழம் என்று தட்டையாகப் பரந்து கிடப்பதால் வாடை பலமாக வீசினால் தண்ணீர் மொத்தமும் தென்மேற்கே ஒதுங்கி, இந்தப் பக்கம் தரை காய்ந்த மாதிரி தெரியும். காற்று நின்றால் ஒதுங்கிய தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகம். "தண்ணி இல்லாத எடம்னு ஒண்ணு இங்க கெடையாதும்மா. தண்ணி இப்ப இல்லாத எடம்தான் இருக்கு" என்றார். கஜா புயல் அன்று, 2018 நவம்பர் 16, கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு உப்பளத்திலும் கரையிலும் எங்கெங்கே தங்கியது, எந்த இடம் அதற்குப் பிறகு இளகிப்போனது என்பது வரை விரல்நுனியில் வைத்திருந்தார். இப்படி ஒருவரை முதல் நாளே பார்த்துப் பேசியிருந்தால் போதும். சதுப்பில் இறங்குமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஐந்து நிமிஷம் பேசுங்கள். உப்பளங்கள் அவர்களுடைய பிழைப்பிடம், அனுமதி கேட்டுக்கொண்டுதான் வரப்பிலேயே ஏற வேண்டும் என்பதும் உண்டு.

பிறகு நானாகக் கவனித்துக் கற்றுக்கொண்டது ஒன்று. தண்ணீரின் ஆழத்தைப் பறவையின் காலை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். கொசு உள்ளான் ஓடித் திரிகிற இடத்தில் தண்ணீர் ஒரு விரற்கடை. பவளக்காலி நடக்கிற இடத்தில் நாலு விரற்கடை வரை இருக்கும். நெடுங்கால் உள்ளான் நின்றால் ஏறக்குறைய ஒரு சாண். பூநாரைக் காலின் நடுவில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டு அதன் முழங்கால் என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் அது கணுக்கால். அந்த மூட்டு தண்ணீருக்குள் மறைந்திருந்தால் நம் முழங்காலுக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் இதிலெல்லாம் தெரிவது தண்ணீரின் ஆழம் மட்டும்தான். தரை தாங்குமா என்பதைப் பறவை சொல்லாது. பெரிய பூநாரையே மூன்று நாலு கிலோதான், அதற்கும் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறது. நாம் அறுபது கிலோவை இரண்டு குறுகலான ஷூவில் ஏற்றி நிறுத்துகிறோம். அந்த சைக்கிள் தடமும் அப்படித்தான், அது கோடை காலத்துத் தடமாம், மேலே பக்கு கட்டி அப்படியே நின்றிருக்கிறது. தரைக்கு ஒரே நம்பகமான அடையாளம் உமரிதான். உமரி முளைத்த இடம் மேடு, கெட்டி. உமரி நின்றுபோகிற இடத்தில் நாமும் நின்றுவிட வேண்டும்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன டிரைவர் வரவே இல்லை. வேறு சவாரி கிடைத்துப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெரியவர்தான் தன்னுடைய டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்து, செருப்பில்லாமல் சேற்றோடு இருந்த என்னைக் கோடியக்காடு வரை கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. வண்டி பேசும்போது பாதிப் பணத்துக்கு மேல் முன்னாலேயே கொடுக்காதீர்கள். காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசி, வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். இறங்கும்போது தண்ணீர், தொப்பி, மருந்து எல்லாம் உங்கள் முதுகில் இருக்கட்டும். சிக்னல் இருக்கிற இடத்திலேயே வீட்டுக்கு உங்கள் லொகேஷனை அனுப்பி, இத்தனை மணிக்குள் நான் கூப்பிடவில்லை என்றால் இன்னாரைக் கூப்பிடு என்று ஒரு உள்ளூர் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த உள்ளூர் நம்பர் முக்கியம். கும்பகோணத்தில் என் அண்ணன் பதறி என்ன செய்துவிட முடியும்?

கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் பெரிய நஷ்டம். செகண்ட் ஹேண்டில் பாடியும் லென்ஸும் சேர்த்து 62,000 ரூபாய்க்கு, மூன்று வருஷம் சேர்த்து வாங்கியது. லாட்ஜுக்கு வந்து துடைத்து, ஆன் ஆகிறதா என்று பார்த்தேன், ஆனது. நிம்மதியாக அப்படியே பையில் வைத்து ஊருக்கு எடுத்து வந்தேன். இரண்டு நாளில் செத்துவிட்டது. சர்வீஸில் திறந்து காட்டினார்கள், போர்டு முழுக்கப் பச்சைப் பூப்பு. மழைத்தண்ணீர் என்றால் காய்ந்தால் போய்விடும், உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும், கரண்ட் போகும்போது இன்னும் வேகமாக அரிக்கும் என்று விளக்கினார் அந்த மெக்கானிக். அதனால் உப்புத் தண்ணீர் பட்டால் அந்த இடத்திலேயே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஆன் செய்தே பார்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே துடைத்து அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பது உப்புக்கு ஒன்றும் செய்யாது. பாடி போனது போனதுதான், லென்ஸைச் சுத்தம் செய்ய 9,400 ஆனது. பைனாகுலர் மட்டும் தப்பித்தது, வாட்டர்ப்ரூஃப் மாடல் என்பதால் குழாயடியில் கழுவியதே போதுமானதாக இருந்தது. அடுத்து ஒரு கேமரா வாங்க இன்னும் காசு சேரவில்லை. அதைச் சொல்லும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

காலில் சிப்பி ஓடு கிழித்த காயங்கள் இருந்தன. உளைக்குள் இருக்கும்போது வலியே தெரியவில்லை, கழுவிய பிறகுதான் ரத்தம் பார்த்தேன். வேதாரண்யம் அரசு மருத்துவமனையில் அன்று மதியமே கழுவிக் கட்டி, டிடி ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சேற்றில் பட்ட காயத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது என்று அந்த நர்ஸ் அக்கா கண்டித்துச் சொன்னார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கழுவுவதற்கென்றே தனியாக எடுத்துப் போவது நல்லது.

ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே நினைக்க முடியவில்லை. இரவில் கால் இறங்குகிற மாதிரி கனவு வந்து விழித்துக்கொள்வேன். ஆனால் பிப்ரவரி கடைசியில் பறவைகள் கிளம்பிவிடுமே என்ற தவிப்பு ஜெயித்துவிட்டது. இந்த முறை கோடியக்கரை வனத்துறை அலுவலகத்தில் முறையாகக் கேட்டு, அனுமதி வாங்கி, உள்ளூர்ப் பையன் ஒருவனோடு போனேன். பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பல காலமாக இயங்கி வருகிறார்கள், அவர்களோடு வலை கட்டப் போய்ப் பழகிய குடும்பம் அவனுடையது. "எங்க நடக்கணும்?" என்று கேட்டேன். "நடக்க வேணாங்க்கா. ஒக்காருவோம்" என்றான். கெட்டியான ஒரு கரையில், முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கிற மாதிரி பார்த்து, ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தோம். சதுப்பு மேற்கே இருப்பதால் காலை வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். சாயங்காலம் போனால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துவிட்டு அவன் பேசாமல் இருந்தான்.

வாடை தளர்ந்ததும் தண்ணீர் திரும்பி வந்தது, அன்று என்னைச் சுற்றி வளைத்த அதே மாதிரி. தண்ணீரின் விளிம்போடு சேர்ந்து பறவைகளும் வந்தன. முதலில் கொசு உள்ளான், பின்னாலேயே வளைமூக்கு உள்ளான், அப்புறம் பவளக்காலி. பூநாரைகள் இரை எடுத்துக்கொண்டே, ஒரு முறைகூடத் தலை நிமிர்ந்து எங்களைப் பார்க்காமல், கேமரா இருந்திருந்தால் சட்டகத்துக்குள் ஒன்று மட்டும் அடங்குகிற தூரத்துக்கு வந்தன. கூட்டத்தில் சிறிய பூநாரை ஒன்று இருந்ததை அலகின் கருஞ்சிவப்பை வைத்து அவன்தான் காட்டினான். இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பதற்காகத்தான் நான் அன்று நடந்து போனேன். நாம் நடந்து போனால் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்து வேறு இடம் தேடும். அடுத்த மாதம் வடக்கே திரும்புவதற்காகக் கொழுப்பு சேர்க்கிற உயிர்களை அப்படி விரட்டி விரட்டிப் பறக்கவைப்பது அவை தின்றதையெல்லாம் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். கோடியக்கரையில் பறவையைத் தேடிப் போக வேண்டியதில்லை, தண்ணீர் எங்கே வரும் என்று தெரிந்த ஒருவரோடு கெட்டியான கரையில் உட்கார்ந்தால் போதும். ஒன்பதரை மணி வரைதான் இதுவும். அதற்கு மேல் கானல் எழும்பினால் எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் எல்லாம் நெளியும், எழுந்து வந்துவிடலாம்.

அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது 1,000 ரூபாய். முதல் தடவை காருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. பெரியவரைத் தேடிப்போய் ஒரு வேட்டியும் பழமும் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்.

குழந்தைகளோடு போகிறவர்கள் சதுப்பை ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள். அங்கே மணல் தரை, பயமில்லை. வெளிமான் கூட்டமும் மட்டக்குதிரைகளும் புல்வெளியில் தாராளமாகத் தெரியும். குரங்குகளுக்குப் பயந்து தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டால் போதும், பிளாஸ்டிக் பை கொண்டுபோக வேண்டாம். அக்டோபரில் போனால் வடக்கிலிருந்து இலங்கை வரை போகிற ஆறுமணிக்குருவிகள் வழியில் அந்தக் காட்டில் இறங்கும், புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். அதற்காக இந்த வருஷம் ஐப்பசி முதல் வாரத்தில் போவதாக அந்தப் பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். தோழியும் வருகிறாள்.